கொர்தோபா காஜியும் கொங்கு நாட்டுப் பாகப்பிரிவினையும்

ஒரு குடும்பத்தின் மார்க்கப் பற்றை உரைத்துப் பார்க்கும் உரைகல் ஒன்று உண்டு. அது பாகப்பிரிவினைப் பத்திரமாகும். தொழுகையிலும் நோன்பிலும் குறை வைக்காத பெரியவர்கள் கூட, தகப்பனார் வஃபாத்தானபின் தோட்டத்தையும் வீட்டையும் பிரிக்கும் வேளையில், உடன்பிறந்த சகோதரியை மறந்துவிடுகின்றனர். "உன் கல்யாணத்திற்குத்தான் நகை போட்டுச் செய்தாயிற்றே" என்ற ஒரே வாக்கியத்தில் அவளுடைய பங்கு கரைந்துபோகிறது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அவள் ஒரு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட்டுவிட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டு புகுந்த வீடு திரும்புகிறாள்.

கோவை, பொள்ளாச்சி, உடுமலை, தாராபுரம், ஈரோடு, பள்ளப்பட்டி என்று கொங்கு நாடெங்கும் வாழும் நம் மக்களிடையே இது புதிய செய்தியன்று. ஆயினும், அவள் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கும் அந்தப் பங்கு நாட்டின் சட்டப் புத்தகத்தில் எத்தனை போராட்டங்களுக்குப் பிறகு இடம்பெற்றது என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. அந்த வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்பது நலம். அதற்கு முன்பாக, ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஸ்பெயின் தேசத்திற்கு ஒருமுறை சென்று வருவோம். காரணம் போகப் போக விளங்கும்.

அந்தலூஸ் கண்ட நீதிமன்றங்கள்

ஸ்பெயின் நாட்டின் சட்ட மரபு பல அடுக்குகள் கொண்டது. உரோமானியர் விட்டுச்சென்ற சட்டம் அடித்தளம். அதன்மேல், கி.பி. 654ஆம் ஆண்டில் விசிகோத் மன்னர் ரெக்கஸ்விந்த் வெளியிட்ட சட்டத் தொகுப்பு எழுந்தது. 711இல் முஸ்லிம்கள் அந்நாட்டில் நுழைந்தனர். அவர்கள் அந்தத் தொகுப்பை எரித்துவிடவில்லை. தம் ஆட்சியின் கீழ் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் அந்தச் சட்டப்படியே, தங்கள் நீதிபதிகளைக் கொண்டே வழக்குகளைத் தீர்த்துக்கொள்ள இடமளித்தனர். முஸ்லிம்களுக்குக் காஜிகள் தீர்ப்பளித்தனர். கொர்தோபாவின் தலைமைக் காஜிக்கு 'ஜமாஅத்தின் காஜி' என்பது பட்டம். வாரிசுச் சொத்து, அநாதைகளின் உடைமை, வக்ஃபு ஆகியவை அவருடைய கண்காணிப்பில் இருந்தன.

அந்தலூஸில் வேரூன்றியது இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் மத்ஹப் ஆகும். கொர்தோபாவைச் சேர்ந்த யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸீ அவர்கள் மதீனா சென்று இமாமவர்களிடமே 'முவத்தா' நூலைக் கேட்டறிந்து தாயகம் திரும்பினார்கள். இன்று உலகெங்கும் பெருவாரியாக ஓதப்படும் முவத்தா அவர்கள் வாயிலாக வந்த பிரதியே. 848இல் மறைந்த அந்த அறிஞரைத் தொடர்ந்து எத்தனையோ மேதைகள் தோன்றினர். தத்துவ ஞானி என்று மேலைநாட்டார் போற்றும் இப்னு ருஷ்து (1126-1198) செவில்லாவிலும் கொர்தோபாவிலும் காஜியாகப் பணியாற்றியவர். அவருடைய 'பிதாயத்துல் முஜ்தஹித்' மத்ஹபுகளின் கருத்து வேறுபாடுகளையும் அவற்றின் காரணங்களையும் எடை போட்டுக் காட்டும் அரிய நூலாகும்.

பின்னர்க் காலம் மாறிற்று. 1085இல் தொலேதோவும், 1236இல் கொர்தோபாவும், 1248இல் செவில்லாவும் கிறிஸ்தவ மன்னர்களின் வசமாயின. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர் 'ஏழு பாகங்கள்' எனப் பொருள்படும் பெருஞ் சட்டத் தொகுப்பை இயற்றுவித்தார். அப்போதும் அந்நாட்டில் தங்கிவிட்ட முஸ்லிம்கள் நெடுங்காலம் தம் ஷரீஅத்தின்படி, தம் காஜிகளிடமே நீதி பெற்று வந்தனர். அரபு மொழி அவர்களிடமிருந்து மெல்ல மெல்ல நழுவியது. ஆகவே செகோவியா நகர முஃப்தி ஈஸா அவர்கள் 1462இல் மார்க்கச் சட்டச் சுருக்கம் ஒன்றை அந்நாட்டு மக்கள் பேசிய காஸ்தீலிய மொழியிலேயே எழுதினார்கள். அம்மொழியை அரபு எழுத்தில் எழுதும் வழக்கமும் அங்கு வளர்ந்தது. நம் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) அவர்கள் அரபுத் தமிழில் மார்க்க நூல்கள் தந்ததை இது நமக்கு நினைவூட்டுகிறதன்றோ?

1492இல் கிரனடா வீழ்ந்தது. 1502இல் காஸ்தீலியாவிலும் 1526இல் அரகோனிலும் முஸ்லிம்கள் மதம் மாறவோ வெளியேறவோ கட்டாயப்படுத்தப்பட்டனர். 1609 முதல் 1614 வரை, மதம் மாறியோரின் சந்ததிகளும் நாடு கடத்தப்பட்டனர். காஜியின் நீதிமன்றம் அங்கே மூடப்பட்டது.

ஆனால் சொற்களை நாடு கடத்த முடியவில்லை. இன்றும் ஸ்பெயினில் நகர மேயருக்கு 'அல்கால்தே' என்று பெயர். அது 'அல்காழீ' என்ற சொல்லே. நீதிமன்ற ஏவலருக்கு வழங்கிய 'அல்குவாசில்' என்ற பெயர் 'அல்வஸீர்' என்பதன் திரிபு. யாவற்றினும் வியப்பானது 'அல்பாசெயா' என்னும் சொல். இறந்தவரின் உயிலை நிறைவேற்றி வைக்கும் பொறுப்பாளரை ஸ்பானியச் சிவில் சட்டம் இன்றளவும் இப்பெயராலேயே குறிப்பிடுகிறது. 'வஸிய்யத்துக்கு உரியவர்' என்ற அரபுத் தொடரிலிருந்து அது பிறந்தது. நாம் பேச்சு வழக்கில் கூறும் அதே வஸிய்யத்துதான்!

1889இல் அந்நாடு ஒரு பொதுச் சிவில் சட்டத்தை வகுத்தது. அப்போதும் கத்தலோனியா, அரகோன், நவார்ரா முதலிய பகுதிகளின் பழைய வட்டாரச் சட்டங்கள் காப்பாற்றப்பட்டன. 1978ஆம் ஆண்டின் அரசியல் சாசனமும் அவற்றை ஏற்றுக்கொண்டது. அதனால் வாரிசுரிமையில் ஸ்பெயின் முழுவதற்கும் இன்றும் ஒரே சட்டம் இல்லை. பொதுச் சிவில் சட்டப்படி, பிள்ளைகள் உள்ள ஒருவர் தம் சொத்தில் மூன்றிலொரு பங்கை மட்டுமே விருப்பம்போல் பிறருக்கு எழுதிவைக்க இயலும். கத்தலோனியாவிலோ பிள்ளைகளுக்குக் கட்டாயமாக விடவேண்டியது கால் பங்கே. மூன்றிலொன்று என்ற அளவு நமக்கும் பழக்கமானதுதான். எனினும் இதனை இஸ்லாத்திடமிருந்து பெற்றனர் என்று பெருமை கொண்டாடுவது பொருந்தாது. பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு என்னும் கொள்கை விசிகோத் சட்டத்திலேயே வேர் கொண்டுள்ளது. இன்னொரு செய்தியையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்நாட்டில் மணமான பெண் தன் சொத்தைக் கையாளவும் ஒப்பந்தம் செய்யவும் கணவனின் அனுமதி தேவை என்ற விதி 1975 மே மாதம்தான் நீங்கியது.

காலச் சக்கரம் சுழன்று, 1992 நவம்பரில் ஸ்பானிய அரசு முஸ்லிம்களின் பிரதிநிதிக் குழுவோடு ஓர் உடன்படிக்கை செய்து சட்டமாக்கியது. இஸ்லாமிய முறைப்படி நடக்கும் திருமணம், உரிய பதிவுடன், அந்நாட்டில் இன்று சட்டப்படி செல்லும்.

நம் மண்ணில் நடந்தது

இனி நம் ஊருக்கு வருவோம். திப்பு சுல்தான் ஷஹீதான 1799ஆம் ஆண்டில் கோவைப் பகுதி கும்பெனியார் வசமாயிற்று. திருமணம், வாரிசுரிமை போன்றவற்றில் இந்துக்களுக்கு இந்துச் சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் என்ற கொள்கையை 1772இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் வகுத்தார். சென்னை மாகாணத்தின் 1802ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளும் அவ்வழியையே பின்பற்றின. ஆங்கில நீதிபதிகளுக்கு அரபு தெரியாது. ஆகவே 'ஹிதாயா' நூலை சார்ல்ஸ் ஹாமில்டன் பாரசீகம் வழியாக ஆங்கிலத்தில் பெயர்த்து 1791இல் வெளியிட்டார். வாரிசுரிமைக் கலையான ஃபராயிழ் பற்றிய 'ஸிராஜிய்யா' நூலை சர் வில்லியம் ஜோன்ஸ் 1792இல் மொழிபெயர்த்தார். இன்றும் மதரஸாக்களில் பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தும் பாடநூல் அந்த ஸிராஜிய்யாதான்.

நீதிமன்றங்களில் நீதிபதிக்கு அருகிலிருந்து ஷரீஅத் விளக்கம் அளித்த முஸ்லிம் சட்ட அதிகாரிகளின் பதவிகளை 1864ஆம் ஆண்டின் சட்டம் ஒழித்தது. அரசு காஜிகளை நியமிப்பதும் அத்துடன் நின்றது. இதனால் திருமணப் பதிவு முதலியவற்றில் முஸ்லிம்கள் இடர்ப்பட்டனர். எனவே 1880இல் காஜிகள் சட்டம் வந்தது. அச்சட்டம் தொடக்கத்திலேயே நடைமுறைக்கு வந்த மாகாணம் நம் சென்னை மாகாணமே. ஆயினும் அச்சட்டத்தின் நான்காம் பிரிவு காஜிக்கு நீதிபதியின் அதிகாரம் எதையும் அளிக்கவில்லை. கொர்தோபாவில் மன்னருக்கே எடுத்துரைக்கும் நிலையிலிருந்த காஜி, இங்கே நிக்காஹ் ஏட்டைப் பராமரிக்கும் பெரியவராக அமைந்தார். தலாக் குறித்துக் காஜிகள் தரும் சான்றிதழ் ஒரு கருத்துரையே, நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் ஆணையன்று என்று சென்னை உயர்நீதிமன்றம் 2017 ஜனவரியில் தெளிவுபடுத்தியதும் இந்த நான்காம் பிரிவின் தொடர்ச்சியே ஆகும்.

வாரிசுரிமையில் மற்றுமொரு சிக்கல் இருந்தது. 1873ஆம் ஆண்டின் சென்னை சிவில் நீதிமன்றச் சட்டம் முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் என்று கூறியதுடன், 'சட்ட வலுவுடைய வழக்கம்' ஒன்று இருப்பின் அதற்கும் இடம் தந்தது. வழக்கம் எத்தனை வலிமையுடையது என்பதை 1868ஆம் ஆண்டின் இராமநாதபுரம் ஜமீன் வழக்கில் இலண்டன் பிரிவி கவுன்சில் காட்டியிருந்தது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் சட்டநூலின் வாசகத்தைவிட மேலோங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். அது இந்துச் சட்ட வழக்கேயாயினும், அந்தக் காலத்து நீதிமன்றங்களின் பார்வையை அது எடுத்துரைக்கிறது. பஞ்சாப் போன்ற மாகாணங்களில், "எங்கள் வழக்கத்தில் பெண்ணுக்கு நிலமில்லை" என்று கூறியே முஸ்லிம் பெண்களின் பங்கு தட்டிப் பறிக்கப்பட்டது.

இந்த அநீதியை மாற்றவே 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் எழுந்தது. எதிரான வழக்கம் எதுவாயினும், முஸ்லிம்களுக்கு ஷரீஅத்தே முடிவு என்று அது அறிவித்தது. எனினும் அதில் ஒரு பெரும் ஓட்டை இருந்தது. விவசாய நிலம் அச்சட்டத்திலிருந்து விலக்கப்பட்டது! 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்தமையே அதற்குக் காரணம். வீடும் நகையும் பாத்திரமும் ஷரீஅத்தின் கீழ் வந்தன. கிணறும் தோட்டமும் வயலும் வெளியே நின்றன. சொத்தென்றாலே காடு தோட்டந்தான் என்று வாழும் கொங்கு நாட்டிற்கு இது எத்தகைய குறை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அதே 1937இல் வந்த இந்துப் பெண்களின் சொத்துரிமைச் சட்டத்திற்கும் இதே குறை இருந்தது. சென்னை மாகாணம் 1947இல் அதனை விவசாய நிலத்திற்கும் விரிவாக்கியது. 1949ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தால் ஷரீஅத் சட்டத்தையும் திருத்தி, விவசாய நில விலக்கை நீக்கியது. ஆக, 1949 முதல் கோவை மாவட்டத்து முஸ்லிம் மகளுக்கு அவள் தகப்பனாரின் தோட்டத்தில் ஷரீஅத் வழங்கும் பங்கு, நாட்டின் சட்டமும் உறுதி செய்யும் பங்காயிற்று. இதே உரிமை விளைநிலத்தில் முஸ்லிம் பெண்களுக்கு இல்லாத மாநிலங்கள் பின்னரும் நெடுங்காலம் இருந்தன என்பதை எண்ணுங்கால், நம் முன்னோர் பெற்றுத் தந்த பேற்றின் அருமை புரியும்.

அந்தலூஸிலிருந்து வந்த உதவி

இங்கே ஸ்பெயின் பயணத்தின் பயனையும் கூறிவிடுகிறேன். கணவன் காணாமற்போனாலோ, பராமரிக்காமல் விட்டுவிட்டாலோ, மனைவி மணமுறிவு பெறுவது ஹனஃபி மத்ஹபில் மிகக் கடினம். அந்தலூஸ் மக்கள் பின்பற்றிய மாலிக்கீ மத்ஹபோ அதற்கு வழி வகுத்திருந்தது. மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) முதலான ஹனஃபி ஆலிம்களே, துன்புறும் பெண்களின் பொருட்டு இவ்விஷயத்தில் மாலிக்கீ சட்டத்தை மேற்கொள்ளலாம் என்று ஃபத்வா அளித்தனர். அதன் விளைவே 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணங்கள் முறிவுச் சட்டம். கணவன் நான்கு ஆண்டுகள் இருக்குமிடம் தெரியாமற்போனாலும், இரண்டு ஆண்டுகள் பராமரிக்கத் தவறினாலும் நீதிமன்றத்தை நாட மனைவிக்கு அது உரிமை தந்தது. கொர்தோபாவின் காஜிகள் தீர்ப்பளித்த அதே மத்ஹப், கோவை நீதிமன்றத்தில் நம் சகோதரிக்குக் கை கொடுக்கிறது. சட்டம் என்பது கல்லில் அடித்த சிலையன்று; அறிஞர்களின் உழைப்பால் வழி கண்டு ஓடும் வாய்க்கால் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

ஒரு கணக்கு

பங்கு எவ்வாறு அமைகிறது என்பதை ஓர் உதாரணத்தால் காண்போம். எட்டு ஏக்கர் தோட்டம் உடைய ஒருவர் இறக்கிறார். மனைவியும், ஒரு மகனும், இரண்டு மகள்களும் இருக்கின்றனர். பெற்றோர் முன்பே காலமாகிவிட்டனர். முதலில் கஃபன், அடக்கச் செலவு. அடுத்து அவருடைய கடன். மனைவிக்குத் தராமல் நின்றுபோன மஹரும் கடனே. பின்பு, வாரிசல்லாதவருக்கு அவர் செய்த வஸிய்யத்து, எஞ்சியதில் மூன்றிலொன்றுக்கு மிகாமல். கடனும் வஸிய்யத்தும் இல்லை என்று கொண்டால், மனைவிக்கு எட்டிலொன்றாக ஒரு ஏக்கர். மீதி ஏழு ஏக்கர் நான்கு பாகமாகிறது. மகனுக்கு இரண்டு பாகம்: 3 ஏக்கர் 50 சென்ட். மகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பாகம்: 1 ஏக்கர் 75 சென்ட்.

"மகளுக்கு ஏன் பாதி?" என்று வினவுவோர் உண்டு. குடும்பத்தைப் பராமரிக்கும் கடமை ஆணின் தலையில் சுமத்தப்பட்டிருக்கிறது. மஹரும் அவனே தர வேண்டியவன். பெண்ணின் சொத்து முழுவதும் அவளுக்கே சொந்தம் என்று நாம் விடை கூறுகிறோம். நன்று. ஆனால் அந்தப் பாதியையும் தராமல், மஹருக்குப் பதிலாக வரதட்சணை வாங்கிக்கொண்டு, இரட்டைப் பங்கை மட்டும் மார்க்கத்தின் பெயரால் அனுபவிக்கும் ஆணுக்கு அந்த விடையைக் கூறும் தகுதி உண்டா? சிந்தியுங்கள்!

கல்யாணத்தில் போட்ட நகை, தகப்பனார் உயிரோடிருக்கையில் மகளுக்கு அளித்த அன்பளிப்பாகும். அது பங்கில் கழியாது. தகப்பனார் உயிருடன் இருக்கும்போதே மகனுக்குப் பங்கு என்று எதுவும் இல்லை, மகளுக்கும் இல்லை. ஆகவே இல்லாத பங்கை அப்போது விட்டுக்கொடுப்பதும் ஷரீஅத்தில் செல்லாது. எனினும் சகோதரிகள் ஒன்றைக் கவனத்திற்கொள்ள வேண்டும். கேரளத்து ராவுத்தர் குடும்பம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தபோது, பொருள் பெற்றுக்கொண்டு எதிர்காலப் பங்கை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்தவர் பின்னர் அப்பங்கைக் கோர இயலாது என்று கூறியது. எனவே, படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்திடலாகாது.

"பெண்ணுக்குக் கொடுத்தால் நிலம் துண்டு துண்டாகிவிடும்" என்பது மற்றொரு சமாதானம். கிணறு ஒன்று, மின் இணைப்பு ஒன்று, தோட்டம் மட்டும் நான்கா என்ற கவலை நியாயமானதே. அதற்கும் ஃபிக்ஹில் வழி உண்டு. தகப்பனாரின் மரணத்திற்குப்பின், வாரிசுகளில் ஒருவர் மனமொப்பி வேறு பொருளையோ பணத்தையோ பெற்றுக்கொண்டு தம் பங்கிலிருந்து விலகிக்கொள்வதைத் 'தகாருஜ்' என்பர். நிலம் அண்ணனிடமே இருக்கட்டும். அதன் அன்றைய சந்தை மதிப்பு தங்கைக்குச் சேரட்டும். அல்லது குத்தகை வருமானத்தில் அவளுடைய பாகம் ஆண்டுதோறும் போய்ச் சேரட்டும். நிலம் துண்டாவதைத் தடுக்க வழிகள் பல. உறவு துண்டாவதைத் தடுக்க நீதி ஒன்றே வழி.

மகன் தந்தைக்கு முன்பே இறந்து, அவனுடைய பிள்ளைகள் அநாதைகளாக நிற்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. மற்றொரு மகன் உயிரோடிருப்பின் அப்பேரப் பிள்ளைகளுக்கு வாரிசுப் பங்கு வராது. அவர்களுக்காகவே வஸிய்யத்து என்னும் கதவு திறந்திருக்கிறது. பாட்டனார் மூன்றிலொன்றுக்குள் எழுதிவைக்கலாம். உயிருடன் இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்து ஒப்படைக்கவும் செய்யலாம். இதனை அறிந்தும் வாளாவிருக்கும் பாட்டனார் அல்லாஹ்விடம் என்ன விடை சொல்வார்?

ஜமாஅத்துகளின் கடமை

சட்டம் இருக்கிறது, மார்க்கமும் இருக்கிறது. இடையில் தடையாக நிற்பவை நம் கூச்சமும் மௌனமுமே. "அண்ணன் தம்பியிடம் பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும்" என்று பெண் அஞ்சுகிறாள். அவளைக் கேட்க வைப்பதே முதல் குற்றம். கடனைக் கேட்ட பிறகு கொடுப்பவனுக்கும், கேளாமலே கொடுப்பவனுக்கும் உள்ள வேறுபாடு நாம் அறியாததா?

ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் ஓர் எளிய நடைமுறையை மேற்கொள்ளலாம். ஒருவர் வஃபாத்தான சில வாரங்களுக்குள் இமாம் அவர்கள் அந்தக் குடும்பத்தாரை அமர வைத்து, வாரிசுகள் யாவர், எவருக்கு எவ்வளவு என்று தாளில் எழுதித் தர வேண்டும். வாரிசுச் சான்றிதழில் மகள்களின் பெயர் விடுபடாமலிருக்கிறதா, பட்டா எவர் பெயருக்கு மாறுகிறது என்பதைப் படித்த இளைஞர்கள் கவனிக்க வேண்டும். பங்கு பிரியும் வரை நிலத்தை உழுதுவரும் சகோதரன், எல்லோருக்குமாகவே அதனை வைத்திருக்கிறான் என்பதே சட்டத்தின் பொதுவான நோக்கு. எனினும் ஆண்டுக்கணக்கில் தாமதிப்பது வழக்குகளுக்கே வழி கோலும்.

செகோவியா முஃப்தியின் மக்கள் தம் ஷரீஅத்தைப் பிறர் பறித்துக்கொண்டதால் இழந்தனர். அதனை மறைவில் எழுதி, மறைவில் ஓதி, நூறாண்டுக்கு மேல் காக்க முயன்றனர். நம்மிடமிருந்து எவரும் அதனைப் பறிக்கவில்லை. வாரிசுப் பங்கைப் பொறுத்தவரை நாட்டின் நீதிமன்றமே அதனை நிறைவேற்றித் தரக் காத்திருக்கிறது. அவ்வாறிருக்க, தனியார் சட்டத்தில் கை வைக்காதே என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டிற்குள் அதே சட்டம் தங்கைக்குத் தந்த 1 ஏக்கர் 75 சென்டை மறைத்துக்கொள்வது எவ்வகையில் நியாயம்?

இவ்விதழைப் படிக்கும் அண்ணன்மார்களே! உங்கள் தகப்பனாரின் பெயரில் இன்னும் பிரிக்கப்படாத நிலம் இருக்குமாயின், அடுத்த ஜும்ஆவிற்கு முன் உங்கள் சகோதரியின் வீட்டிற்குச் சென்று வாருங்கள். பத்திரத்தை அவள் கையில் கொடுத்து, அவளுடைய பங்கு எவ்வளவு என்பதை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் அந்த நேர்மையைத் தந்தருள்வானாக! ஆமீன்.